ஒற்றைப் பட்டை, இரட்டைப் பட்டை

மீன்கொத்தியின் தலை என்ன நிறம், சொல்லுங்கள் பார்ப்போம்?

நீலம் என்றுதான் உங்களில் பலர் சொல்வீர்கள். எந்த மீன்கொத்தி என்று திருப்பிக் கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான் இருப்பார்கள். வாய்க்கால் ஓரத்து மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பறவையில் எத்தனை வகை உண்டு என்று நமக்குத் தெரியாது. தெரியாததில் குற்றமில்லை. ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்தால், எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், யார் வகையறா என்று நாலு கேள்வியில் அவர் சாதியைக் கண்டுபிடித்துவிடுகிறோமே, அந்தக் கூர்மை நமக்கு எங்கிருந்து வந்தது? இயற்கையில் இருக்கும் வேறுபாடு பட்டப்பகலில்கூட நம் கண்ணில் படுவதில்லை. இயற்கையில் இல்லாத ஒன்று மட்டும் இருட்டிலும் தெரிகிறது.

பாப்பாத்திக்கும் ஐம்பது வயது வரை அப்படித்தான் இருந்தது.

கச்சிராயபாளையத்திலிருந்து கோமுகி அணைக்குப் போகும் சாலையில் இறங்கி, வாய்க்கால் கரையோடு உள்ளே நடந்தால் அவர்கள் நிலம். கரும்பு போட்டிருப்பார்கள், தண்ணீர் தாராளமாக வரும் ஆண்டில் நெல்லும் உண்டு. மேற்கே கல்வராயன் மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்து மழை வருமா வராதா என்று கணவர் சின்னராசு சொல்வார். பாதி நாள் தப்பாகச் சொல்வார். அதைச் சொல்லிக்காட்டுவது பாப்பாத்தியின் வேலை. சத்தமாகப் பேசுகிறவர், சிரிப்பும் சத்தம்தான். அவர் களையெடுக்க இறங்கினால் பக்கத்து வயலில் கைபேசிப் பாட்டை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள்.

ஒரே மகள் இலக்கியா. கள்ளக்குறிச்சிக்குப் பேருந்தில் போய்க் கல்லூரியில் விலங்கியல் படித்தாள்.

"இன்னாடி படிக்கிற அங்க?"

"பாம்பு, தவள, குருவி, எல்லாந்தாம்மா."

"அதுக்கு எதுக்குடி பஸ்சு? நம்ம வாய்க்கால்லயே உக்காந்துக்கினு பாக்க வேண்டியதுதான?"

அதே வகுப்பில் படித்தவர் தமிழழகன். அவர் அம்மா இருசம்மாள் சின்னராசுவின் நிலத்தில் கூலிக்குக் கரும்பு வெட்ட வருகிறவர். நிலம் இல்லாத குடும்பம், ஊருக்கு வெளியே இருக்கும் காலனி. வெட்டு நடக்கும்போது வயலுக்கு டீ வரும். சின்னராசு வீட்டாருக்கு எவர்சில்வர் டம்ளர், இருசம்மாளுக்கும் கூட வந்தவர்களுக்கும் பிளாஸ்டிக் கப். குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற கப், அதுதான் சுத்தம் என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தார்கள். தேங்காய்ச் சிரட்டை போய் பிளாஸ்டிக் வந்ததை முன்னேற்றம் என்று நினைப்பவர்களும் இந்த நாட்டில் உண்டு.

இலக்கியாவும் தமிழழகனும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுத் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த வாரம் ஊர் முனையில், பேருந்து நிற்கும் இடத்தில், ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டினார்கள். இலக்கியாவின் கல்லூரிப் படம். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே பிறந்த தேதி, இறந்த தேதி. இறந்த தேதி என்று போட்டிருந்தது அவளுடைய திருமண நாள்.

நம் பக்கத்தில் இது புதிதில்லை. உயிரோடு இருக்கிற பெண்ணைச் செத்துவிட்டாள் என்று அச்சடித்து நடுச்சாலையில் கட்டுகிறார்கள். அடித்துக் கொடுக்கிறவருக்குக் கை நடுங்குவதில்லை, பார்த்துக்கொண்டு போகிறவர்களுக்கும் கால் நிற்பதில்லை. வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் சின்னராசுவின் அண்ணன் அய்யனார். சின்னராசு வாய்க்காலில் தலை முழுகிவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்தார். பாப்பாத்தி அழுதார். அது துக்கத்துக்கு அழுகிற அழுகை என்று எண்ணி, வந்த பெண்களும் பக்கத்தில் உட்கார்ந்து கூட அழுதார்கள்.

இருசம்மாளுக்கு அந்த வட்டாரத்தில் அதன்பிறகு யாரும் வேலை கொடுக்கவில்லை. பிச்சாவரம் அருகே கிள்ளையில், ஈரநிலப் பறவைகளைக் கணக்கெடுக்கும் ஓர் அமைப்பில் பிள்ளைகள் இருவருக்கும் வேலை கிடைத்தது. இருசம்மாளும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார்.

சில வாரம் கழித்துப் பேனரை அவிழ்த்தார்கள். ஃபிளெக்ஸ் கெட்டியான பொருள், ஊரில் யாரும் அதை வீணாக்க மாட்டார்கள். வைக்கோல் போருக்கு மூடுவார்கள், மிளகாய் காயவைப்பார்கள். சின்னராசு அதைக் கொண்டுபோய் வயலில் மோட்டார் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார். எழுத்து இருந்த பகுதியை ஓரத்தில் மடித்து வெளிப்பக்கம் தொங்கவிட்டுக் கல்லை ஏற்றினார். அச்சடித்த பக்கம் உள்ளே, வெள்ளைப் பக்கம் வெளியே.

"வெள்ளப் பக்கம் வெயிலத் தாங்கும்" என்றார்.

பாப்பாத்தி மறுநாள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுக் கொட்டகைக்குள் காலை நீட்டி உட்கார்ந்தார். நிமிர்ந்தார். மேலே மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு அவருக்கு அங்கேதான்.

முதல் அழைப்பும் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் வந்தது. பாப்பாத்தியிடம் இருந்தது பட்டன் போன். தெரியாத எண். எடுத்தார்.

"ம்மா."

பாப்பாத்தி போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டார். பேச ஆரம்பித்தால் இரண்டு பேருமே உடைந்துவிடுவார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கொட்டகைக்கு வெளியே மின்கம்பியில் ஒரு பறவை கரகரவென்று கத்திவிட்டுப் பறந்தது.

"ம்மா, இன்னாமா கத்துது அங்க?"

"மீன்கொத்தி."

"எந்த மீன்கொத்தி?"

"எந்த மீன்கொத்தின்னா? நீலமா இருக்கும் பாரு, அது."

"தலயும் நீலமா?"

பாப்பாத்தி எட்டிப் பார்த்தார். அது வாய்க்கால் கரைக் கல்லில் போய் உட்கார்ந்திருந்தது. "தல காபித்தூள் கலரு. மாருல வெள்ள. மூக்கு செவப்பு."

"அது வெண்மார்பு மீன்கொத்தி. பேருதான் மீன்கொத்தி, வெட்டுக்கிளி, ஓணான்னு கெடச்சதத் தின்னும். தண்ணி இல்லாத காட்டுலயும் இருக்கும்."

"அப்ப உங்கப்பா மாதிரி. பேருக்கு விவசாயி, வயக்காட்டுப் பக்கமே வரதில்ல."

இலக்கியா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. ஆனாலும் பேச ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

அதன்பிறகு சின்னராசு இல்லாத மத்தியானங்களில் போன் வரும். சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு என்பதோடு, இன்றைக்கு எந்த மீன்கொத்தி என்பதும் ஒரு கேள்வி. உள்நாட்டு வாய்க்காலில் என்ன இருக்கிறது, கடலோரச் சுரபுன்னைக் காட்டில் என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது இலக்கியாவின் வேலையில் ஒரு பகுதி. பட்டன் போனில் படம் அனுப்ப முடியாது. அதனால் எல்லாவற்றையும் வாயால்தான் சொல்ல வேண்டும்.

பாப்பாத்தி தானே பெயர் வைத்துக்கொண்டார். வெண்மார்பு மீன்கொத்தி அவருக்குப் பனியன்காரன். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சமே பெரிதாக, தண்ணீரை ஒட்டி அம்பு மாதிரி கீச்சென்று போகும் சிறு நீல மீன்கொத்தி, தக்குனூண்டு. அதன் கீழலகு சிவந்திருந்தால் பெண், முழுக்கக் கருப்பாக இருந்தால் ஆண் என்று மகள் சொன்னபோது, "அது நிக்கிற நேரத்துல நான் வாயப் பாக்கறதா, வாலப் பாக்கறதா?" என்றார். மூன்றாவது, கருப்பு வெள்ளை மீன்கொத்தி. அதற்குப் பெயர் தேவைப்படவில்லை. தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்ற இடத்திலேயே சிறகடித்து, குறி பார்த்து, தலைகீழாக விழும். அந்த வித்தை தெரிந்தது நம் ஊர் மீன்கொத்திகளில் அது ஒன்றுதான்.

"இங்க இன்னொண்ணு இருக்கும்மா. கருந்தல மீன்கொத்தி. பனிக்காலத்துக்கு வரும். மொதுகு ஊதா கலந்த நீலம், வயிறு செங்கல் கலரு, தல மட்டும் கரிச்சட்டி மாதிரி. கழுத்தச் சுத்தி வெள்ளயா துண்டு போட்டா மாதிரி இருக்கும்."

"துண்டா? அப்ப உங்க பெரியப்பன்தான்."

ஒரு நாள் காலையில் பாப்பாத்தியே மகளைக் கூப்பிட்டு, கருந்தலை இங்கேயும் வந்துவிட்டது, கண்ணால் பார்த்தேன் என்றார். இலக்கியா பரபரத்துப் போனாள். மலையடிவாரத்தில் அது தட்டுப்படுவது அபூர்வம்.

"கழுத்து வெள்ளயா இருந்துச்சா?"

"தல கருப்புடி. நல்லாப் பாத்தேன்."

"வயிறு?"

"வயித்த யாருடி பாத்தா?"

"ம்மா, முழுவி எழுந்து ஈரமா உக்காந்திருந்தா காபிக் கலரும் கருப்பாத்தான் தெரியும். தலய மட்டும் பாத்து முடிவு பண்ணாத. முழுசாப் பாரு."

அது பனியன்காரன்தான். பாப்பாத்தி இரண்டு நாள் அந்தப் பறவையிடம் கோபமாக இருந்தார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் இலக்கியா சொன்னாள், "ம்மா, நான் மாசமா இருக்கேன்."

பாப்பாத்தி சிரித்தார், அழுதார், கொட்டகைக் கூரையைப் பார்த்து விரலை மடக்கித் திருஷ்டி கழித்தார். தன் மகளுக்கே அஞ்சலி பேனர் கட்டியதைப் பார்த்தவர் திருஷ்டிக்கு அஞ்சினார் என்றால், அச்சம் நம்மை எந்த அளவுக்குப் பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

"ம்மா, தலப்பிரசவம். வூட்டுக்கு வரலாமா?"

முதல் பிள்ளை தாய்வீட்டில் பிறப்பது இங்கே வழக்கம். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி அழைத்து வருவார்கள். பக்கத்து வீட்டுப் பெண் வருவதை, எதிர் வீட்டுப் பெண் வருவதை எல்லாம் பாப்பாத்தி பார்த்திருக்கிறார். மகள் கேட்டதற்கு, வா என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் வந்த இடத்தில் யாராவது ஏதாவது செய்துவிட்டால்? தாய்வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பி, போன பெண் திரும்பாமலே போன செய்திகளைப் பாப்பாத்தியும் கேட்டிருக்கிறார். சின்னராசு கை ஓங்க மாட்டார் என்று தெரியும். மற்றவர்களை நிறுத்துவாரா என்றுதான் தெரியவில்லை. ஒரு கர்ப்பிணிப் பெண் அம்மா வீட்டுக்கு வருவதற்கு இத்தனை யோசிக்க வைத்திருக்கும் ஒன்றைத்தான் நாம் பண்பாடு என்கிறோம்.

"அந்தக் கருந்தல வந்துச்சாடி இந்த வருசம்?" என்று பாப்பாத்தி கேட்டார்.

கேட்டதற்குப் பதில் அதுதான் என்று இலக்கியாவுக்குப் புரிந்தது. "வந்துடுச்சும்மா" என்றாள்.

தை மாதம். கரும்பு ஏற்றும் டிராக்டருக்கு வழி வேண்டும் என்று முந்தைய ஆண்டு வாய்க்கால் கரையை ஓரிடத்தில் ஜேசிபி வைத்து வெட்டியிருந்தார்கள். வெட்டிய மண் சுவர்போலச் செங்குத்தாக நின்றது. அதில் ஒரு கருப்பு வெள்ளை ஜோடி பொந்து குடைய ஆரம்பித்தது. அலகால் குத்தி, காலால் பின்பக்கம் மண்ணைத் தள்ளி, ஒன்று வெளியே வந்தால் இன்னொன்று உள்ளே போனது. வெட்டுக்கு ஆள் பார்க்க வந்த சின்னராசு, வேப்பமரத்தடியில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாத்தி சாப்பாட்டுக் கூடையோடு வந்தார்.

"இன்னா மே இது, அநியாயமா இருக்குது."

"இன்னா?"

"அதோ பாரு. ஒண்ணுக்கு நெஞ்சுல ரெட்டப் பட்ட. கருப்பா, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. இன்னொண்ணுக்கு ஒத்தப் பட்ட, அதுவும் நடுவுல அறுந்து கெடக்குது. ரெண்டும் வேற வேற சாதி. ரெண்டும் ஒரே பொந்துக்குள்ள போவுது." மீசையைத் துடைத்துக்கொண்டார். "குருவிங்களும் கெட்டுப்போச்சி."

பாப்பாத்தி கூடையை இறக்கிவைத்தார். எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது.

"வேற வேறல்லாம் இல்ல. ரெண்டும் ஒண்ணுதான். ரெட்டப் பட்ட ஆம்பள, ஒத்தப் பட்ட பொட்ட. புருசன் பொண்டாட்டி ஒரு வூட்டுக்குள்ள போவாம வேற எங்க போவும்?"

"உனுக்கு யாரு சொன்னது?"

"இலக்கியா."

பேனர் கட்டிய நாளிலிருந்து அந்தப் பெயர் அவர்கள் இருவருக்கும் நடுவில் வெளிவந்ததில்லை. பாப்பாத்தியின் கை தானாகப் போய் மடியில் இருந்த போனைப் பொத்திக்கொண்டது. சின்னராசு அதைப் பார்த்தார். போனைப் பிடுங்கவில்லை, கத்தவும் இல்லை. மறுபடி மண் சுவரைப் பார்த்தார். இரட்டைப் பட்டைக்காரன் ஒரு மீனைக் கொண்டுவந்து ஒற்றைப் பட்டைக்காரியின் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தான். சின்னராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டார்.

இரண்டு நாள் போன் அடித்தும் பாப்பாத்தி எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் பாப்பாத்தி கொட்டகையில் இருக்கும்போது, வெளிச் சுவரோரம் ஸ்பேனரால் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. மோட்டார் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. போன் மணி அடித்தது.

"ம்மா, ஏன் ரெண்டு நாளா எடுக்கல?"

பாப்பாத்தி பதில் சொல்வதற்குள் வெளியிலிருந்து குரல் வந்தது. யாரிடம் என்று இல்லாமல், வாய்க்காலைப் பார்த்துப் பேசுகிற குரல்.

"குஞ்சு எப்ப வெளிய வரும்னு கேளு. வெட்டு ஆரம்பிச்சா டிராக்டரு அந்த வழியாத்தான் போவணும். செவுரு சரிஞ்சிடும்."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் நின்றுபோனது.

"கேட்டியாடி?" என்றார் பாப்பாத்தி.

"கேட்டுச்சி." இலக்கியாவின் குரல் மெல்லியதாகிவிட்டது. "பங்குனி பாதி வரைக்கும் ஆவும்னு சொல்லு."

"பங்குனி பாதியாம்."

தட்டும் சத்தம் நின்றது. "ரெட்டப் பட்ட நெசமாவே ஆம்பளதானாமா? நல்லாத் தெரிஞ்சி சொல்றாங்களா?"

"சொல்றாங்களாம்."

"ஓ."

அவ்வளவுதான். ஆனால் அந்த ஆண்டு கரும்பு டிராக்டர் அந்த வழியில் போகவில்லை. கட்டுகளைத் தலைச்சுமையாகவே சுற்றிக்கொண்டு போய் ஏற்றச் சொன்னார். வெட்டுக்கு வந்தவர்கள் திட்டினார்கள். குருவிக்குப் பயந்த விவசாயி என்று கேலி பேசினார்கள். சின்னராசு கூடுதல் கூலி தருகிறேன் என்று சொல்லி வாயை அடைத்தார்.

வெட்டு ஆரம்பித்த நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் பாப்பாத்தி கேட்டார். கத்தவில்லை. அவர் கத்தாமல் பேசியதால்தான் சின்னராசு நிமிர்ந்து பார்த்தார்.

"குருவிக்குப் பொந்து வுட்டு வெக்கிற. பெத்த பொண்ணு மாசமா இருக்குது. அதுக்கு வூட்டுல ஒரு மூல இல்லியா?"

சின்னராசு எழுந்து அண்ணன் வீட்டுக்குப் போனார். பாப்பாத்தியும் பின்னாலேயே போய்த் தெருவில் நின்றார். என்ன பேசுகிறார்கள் என்று அங்கிருந்தே கேட்டது.

"பொண்ணக் கூட்டியாரலாம்னு இருக்கேண்ணா. தலப்பிரசவத்துக்கு."

"எந்தப் பொண்ண?" என்றார் அய்யனார். "அஞ்சலி போட்டமே, அந்தப் பொண்ணயா? செத்தவளுக்கு இன்னாடா பிரசவம்?"

"சாவலியேண்ணா."

"இங்க பாரு சின்னராசு. அவ காலு உன் வாசல்ல பட்டுச்சின்னா, என் காலு படாது. நல்லது கெட்டதுக்கு பங்காளி எவனும் வர மாட்டான். நாளைக்கி நீ செத்தா தூக்க ஆளு இருக்காது."

நம் ஊர்களில் பலரைக் கடைசிவரை கட்டிப்போடுவது இந்த மிரட்டல்தான். செத்தபிறகு தூக்குவதற்கு ஆள் வேண்டும் என்று, உயிரோடு இருக்கிறவர்களைப் புதைக்கிறார்கள். சின்னராசுவும் அண்ணன் சொல்லைத் தட்டியே பழகாதவர்.

"உங்க இஷ்டம்ணா" என்றார். வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவர் கொட்டகைமேல் ஏணி வைத்து ஏறிக் கல்லையெல்லாம் இறக்கினார். ஃபிளெக்ஸ் தரைக்கு வந்தபோதுதான் பாப்பாத்தி அதைக் கிட்டத்தில் பார்த்தார். மகள் முகத்துக்குப் பக்கத்தில் காற்றில் கிழிந்த இடத்தில் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருந்தது. வேலை சுத்தமாக இருந்தது. முகத்தின்மேல் ஒரு நூல்கூடப் படவில்லை. தான் இல்லாத நேரங்களில் இந்தக் கொட்டகையில் இன்னொருவரும் காலை நீட்டி உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்திருக்கிறார் என்பது பாப்பாத்திக்கு அப்போதுதான் புரிந்தது. எழுத்து கண்ணில் படாமல் வெளியே மடித்துத் தொங்கவிட்டது ஏன் என்பதும் புரிந்தது.

சின்னராசு எழுத்து இருந்த பகுதியைக் கத்தியால் அறுத்தெடுத்துக் கரும்புச் சோகையோடு போட்டுக் கொளுத்தினார். படம் இருந்த பகுதியை மறுபடி மேலே ஏற்றினார்.

"அத இன்னும் எதுக்கு மேல போடற?"

"வெயில் வரும்ல" என்றார்.

மாசியில் இருவரும் கிளம்பினார்கள். கள்ளக்குறிச்சியில் மாறி, விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் கிள்ளை. வழியெல்லாம் சின்னராசு பேசவில்லை. பாப்பாத்தி மடியில் வளையலும் ஐந்து வகைச் சோற்றுத் தூக்கும் இருந்தன.

வீட்டு வாசலில் நின்றிருந்தது இருசம்மாள். பாப்பாத்தியைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். சின்னராசு வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இருசம்மாள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து நீட்டினார். சின்னராசு கை நீட்டச் சற்று நேரமானது.

"குடிங்க சம்மந்தி. எங்க வூட்டு டம்ளரு கடிக்காது. பிளாஸ்டிக் கப்பு வாங்கி வெக்க மறந்துட்டேன்."

சின்னராசுவின் காது சிவந்தது. வாங்கிக் குடித்தார். சூட்டை ஆற்றாமல் ஒரே மூச்சில் குடித்ததால் கண்ணில் நீர் வந்தது. சூட்டினால்தான் என்று அவரே சொல்லிக்கொண்டார்.

அப்பாவும் மகளும் எதிரெதிராக நின்றபோது என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. தமிழழகன்தான், "வாங்க, தண்ணி ஓரம் கொஞ்சம் நடந்துட்டு வரலாம்" என்றார். சுரபுன்னை வேர்கள் சேற்றில் கால் ஊன்றி நிற்கும் கரை. இலக்கியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். சின்னராசு அவளுக்கு இரண்டடி பின்னால் நடந்தார். எதிரில் சாய்ந்த கிளையில் ஒரு பறவை இருந்தது. சிவந்த அலகு, நீல முதுகு.

"இது நம்மூரு பனியன்காரன்தான" என்றார் சின்னராசு, பாப்பாத்தி வைத்த பெயரிலேயே. அவர் மகளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"தலயப் பாருப்பா."

அவர் பார்த்தார். கண்ணுக்குமேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். கருப்புத் தலை. கழுத்தைச் சுற்றி வெள்ளை. செங்கல் நிற வயிறு.

"வேற" என்றார்.

"வேறதான். இது வேற இனம். அதுவும் இதுவும் ஜோடி சேராது."

"அந்த ரெட்டப் பட்ட?"

"அது ஒரே இனம்ப்பா. ஆணும் பொண்ணும்."

சின்னராசு தலையாட்டினார். பக்கத்தில் நின்ற தமிழழகனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கருந்தலை கிளையை விட்டுப் பறந்தது. சிறகை விரித்ததும் உள்ளே இருந்த வெள்ளைத் திட்டு ஒரு முறை தெரிந்து மறைந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து தன் கைபேசியை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"இதுல உன் நம்பரு வராம இன்னாவோ பண்ணி வெச்சிக்கிறான், உங்க பெரியப்பன் பையன். எனக்கு வரமாட்டேங்குது. எடுத்து வுடு."

வளையல் அடுக்கியபின், இலக்கியா பட்டப்பகலில், ஊர் பார்க்க, கச்சிராயபாளையம் பேருந்திலிருந்து இறங்கினாள். தமிழழகனும் இருசம்மாளும் கூட வந்தார்கள். அய்யனார் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இன்றும் அது திறக்கவில்லை. சில பங்காளிகள் வரவில்லை. சிலர் வாய்க்கால் பக்கமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. அதற்குள் மண் சுவரிலிருந்து குஞ்சுகள் பறந்துவிட்டிருந்தன. பாப்பாத்தி குழந்தையைக் கொட்டகைக்குத் தூக்கிப் போய், "இவதான் உங்கம்மா" என்று கூரையைக் காட்டுகிறார். குழந்தை கூரையைப் பார்ப்பதில்லை. பாப்பாத்தியின் மூக்குத்தியைப் பிடித்து இழுக்கிறது.

சின்னராசுவுக்காக யாரும் கைதட்ட வேண்டாம். உயிரோடு இருந்த மகளுக்கு இறந்த தேதி போட விட்டவர் அவர். இருசம்மாளிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் வயலில் இப்போது எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர்தான் என்றாலும், அது ஒரு வயல்தான். இந்த வரலாறு பாப்பாத்தியுடையது. கொட்டகையில் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, அறுந்துபோன ஒன்றைப் பறவையின் தலை நிறத்தையும் வயிற்று நிறத்தையும் சொல்லிச் சொல்லியே பிடித்துக்கொண்டிருந்தவர் அவர்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் பெயர் சொல்லாமல் விட்ட ஒரு பெண்ணோ பையனோ இருக்கலாம். வேறு தெருவில் மணம் முடித்ததற்காகச் செத்துப்போனதாக அறிவிக்கப்பட்டவராக இருக்கலாம். உங்கள் கைபேசியில் தடுத்து வைத்திருக்கும் எண்களில் அவர் எண்ணும் இருக்கும். இந்தப் பக்கத்தை மூடியதும் அந்தத் தடுப்பை எடுங்கள். எடுக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். பிறகு அவரைக் கூப்பிடுங்கள். என்ன பேசுவதென்று தெரியாவிட்டால், அங்கே எந்த மீன்கொத்தி இருக்கிறது என்று கேளுங்கள்.